விசில் வரவில்லை

பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுள்ளென்றது.
அது சரி.
ஸ்பீக்கரில் ஒற்றைச் செல்லைத் தொட்டெடுத்தால்
டக் என்கிறது. அதுவும் சரி.
எல்லாவற்றையும் சேர்த்து மூடிவைத்தால்
பேச்சில்லை.

ரிச்சி தெருவிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குத்
தபாலில் வந்த பொட்டலம்.
ஆறு டிரான்சிஸ்டர்,
மஞ்சள், வெள்ளை, கறுப்பு மண்டையோடு மூன்று சின்ன டப்பா,
ஆசிலேட்டர் சுருள் மட்டும் நீங்களே சுற்றிக்கொள்ளவும்
என்று ஒரு தாள்.
"அதான் போன்லயே வருதே" என்றாள் ஜெகதா.
நியாயம்தான்.
முப்பத்தொன்பது வயதில் சூடுவைக்கக் கற்றுக்கொள்கிறேன்
என்று அவளிடம் எப்படிச் சொல்ல.

பகலில் எத்திராஜ் கொட்டகையில் பாவு பிணைக்கிறேன்.
மூவாயிரத்து இருநூறு இழை.
ஒன்று அறுந்தால் கண்ணுக்கு முன்னால்
கை சொல்லிவிடும்.
இந்தப் பலகையில் எண்பத்தேழு பற்றுவைப்பு,
எண்பத்தேழும் மீன்கண் மாதிரி மின்னுகிறது.
கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னாலிருந்து வரச் சொல்கிறது தாள்.
ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடு, விரல் இரும்பில் படட்டும்.
கடைசி டிரான்சிஸ்டர்: உர்ர்.
அதற்கு முந்தியது: பெரிய உர்ர்.
என் உடம்பிலிருந்துதான் போகிறது அந்த உறுமல்,
தெருவின் கரண்டெல்லாம் என்மேல் ஒட்டியிருக்கிறது போல.
அடுத்தது சடசட. அடுத்தது சடசட.
முதலாவதிலும் லேசாய்ச் சடசட.
ஆக, உயிர் இருக்கிறது.
ஆள்தான் வரவில்லை.

அடுத்த வரி:
வேலை செய்யும் வேறொரு ரேடியோவை அருகில் வைக்கவும்.
உங்கள் குமிழைத் திருப்பும்போது
அது விசிலடித்தால் ஆசிலேட்டர் நலம்.

வேறொரு ரேடியோ ரெட்டெப்பாவிடம்தான் இருக்கிறது.
தார் சுற்றுகிறவர், வீடு எல்லைக்கு அந்தப் பக்கம்.
"எந்துகம்மா?"
"உங்களுது விசிலடிக்குதா பார்க்கணும்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
ராத்திரிக்குள் வேண்டும் என்று கொடுத்தார்.

சம்பந்தம் பேச உட்கார்ந்த மாதிரி
இரண்டையும் எதிரெதிரே வைத்தேன்.
அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திருப்பினேன்.
விசில் வரவில்லை.

ஆசிலேட்டர்.
நான் சுற்றிய சுருள்.
எண்பது சுற்று, பத்தாவதில் ஒரு கிளை,
எண்ணிக்கை தப்பவில்லை, தப்பாது,
பதினாறு வயதிலிருந்து சுற்றுகிற கை.
அதனால்தான் நாலு நாளாய்
அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை.
ஈயம் மேலே உட்கார்ந்திருக்கிறது, மூடி போட்ட மாதிரி.
உள்ளே கம்பிமேல் எனாமல் அப்படியே.
நூலுக்குத் தோல் கிடையாது.
செம்புக்கு உண்டு.

சவர பிளேடால் சுரண்டினேன்,
ரோஜா நிறம் தெரியும்வரை.
திரும்ப ஈயம், திரும்ப ஊதல், திரும்பக் குமிழ்.
ரெட்டெப்பா ரேடியோ கீ... என்று கத்தியது.
"குக்கரா?" என்றாள் ஜெகதா உள்ளேயிருந்து.

என்னுடையதில் அப்போதும் தறிதான் கேட்டது.
தெரு மோட்டார் அத்தனையும் வந்து உட்கார்ந்து அரைத்தது.
எட்டு மணிக்கு ஷிப்டு மாறும்.
ஒவ்வொரு கொட்டகையாய் நிற்க நிற்க
அடியிலிருந்து ஒரு குரல், தெலுங்கில்,
வேட்டைக்குப் போகாதீர்கள் என்கிறது.
நகரி மலையில் இப்போது
யார் வேட்டைக்குப் போகிறார்கள்?
இரண்டு நாள், பலத்த காற்று, என்கிறது.
பிறகுதான் 'சமுத்திரம்' காதில் விழுந்தது.
மீன்பிடிப்பதும் அவர்களுக்கு வேட்டைதான்.
கடலை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஷிப்டு வந்துவிட்டது. குரல் போயிற்று.

ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தேன்.
"விசில் வந்துச்சா?"
"வந்துச்சு."
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார் ரெட்டெப்பா,
காதில் வைத்து ஒருதரம் ஆட்டினார்,
"இதுக்கு ஒண்ணும் ஆகலையே?"